கொடுத்த பை திரும்பி வரட்டும்!

மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் துணிப்பை தானம் செய்ய நல்ல மனிதர்கள் பலர் முன்வருகிறார்கள். அந்தப் பை ஒரே பயணத்தோடு முடங்கிப்போகாமல் சுழன்றுகொண்டே இருக்க என்ன செய்யலாம்?

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதுமே ஊட்டிக்குப் போகும் வண்டிகள் நகராமல் வரிசை கட்டி நிற்கின்றன. கல்லாறு பழப்பண்ணையைக் கடந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி பர்லியாறு வருவதற்குள் பாதி வண்டிகளில் குழந்தைகள் வாடிப்போயிருக்கும். வாந்தி வந்தால் பிடிப்பதற்கென்று முன்சீட்டில் ஒரு கேரி பேக் தயாராக இருக்கும். சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்க்கிறார்கள், டிக்கியைத் திறக்கச் சொல்கிறார்கள். உள்ளே தண்ணீர் பாட்டில் கட்டு, வீட்டில் கட்டிய புளிசாதம், முறுக்குப் பாக்கெட்டுகள், வழியில் வாங்கிய மாம்பழம், குழந்தையின் ஈரத்துணி. பாட்டிலைத் தவிர மற்ற எல்லாமே ஏதோ ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருக்கின்றன. ஊழியர் பாட்டில்களை எடுத்துக்கொள்கிறார். பைகளைக் கொட்டச் சொன்னால் மாம்பழம் சீட்டுக்கடியில் உருளும். பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரன் காதைத் துளைக்கும். அவர் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு பைகளை வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்பிவைக்கிறார். மீதிப் பைகள் மலை ஏறுகின்றன.

இந்த இடத்தில் அந்த ஊழியரின் கையில் கொடுப்பதற்கு ஒரு துணிப்பை இருந்திருந்தால் நிலைமை வேறு. 'இதைக் கொடுங்கள், இதை வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும்போது பறிமுதல் பண்டமாற்றாக மாறிவிடுகிறது. பயணிக்கும் கோபம் வராது. இதை உணர்ந்துதான் தன்னார்வ அமைப்புகளும் வணிக நிறுவனங்களும் கல்லூரி மாணவர்களும் சுற்றுலாத் தலங்களில் துணிப்பை கொடுக்கிறார்கள். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் தானமாகக் கொடுக்கும் பைக்கு ஒரு நிபந்தனை வேண்டும்: அது திரும்பி வர வேண்டும். பரிசாகப் போகும் பை ஒரு பயணத்தோடு நின்றுவிடும். முன்பணம் வாங்கிக்கொண்டு இரவலாகத் தரும் பை ஒரே சீசனில் பத்துக் குடும்பங்களுக்கு உழைக்கும். எத்தனை பைகள் கொடுத்தோம் என்று எண்ணுவதை விட்டு, ஒரு பை எத்தனை முறை உழைத்தது என்று எண்ணத் தொடங்கினால்தான் மலையில் பிளாஸ்டிக் குறையும்.

இருபது ஆண்டுத் தடை

பிளாஸ்டிக் ஒழிப்பில் நீலகிரி தமிழ்நாட்டுக்கே முன்னோடி. 2000-களின் தொடக்கத்தில் சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோது 'ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்' என்ற பெயரில் அங்கே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். 2021 டிசம்பர் 23 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரங்கள் கோயம்பேடு சந்தை உள்ளிட்ட இடங்களுக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸைக் கட்டாயமாக்கியது. 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பும் விதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் 28 வகைப் பிளாஸ்டிக்குகளுக்குத் தடை விதித்தது. சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று இனி யாரும் சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுத் தடைக்குப் பிறகும் சாலையோரச் சரிவுகளில் கேரி பேக் கிடக்கிறது என்றால், தடையோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை என்று பொருள்.

பெட்டிச் செய்தி 1: சட்டம் என்ன சொல்கிறது?

- மத்திய அரசின் விதிப்படி 2021 செப்டம்பர் 30 முதல் பிளாஸ்டிக் பை 75 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான்.
- தமிழ்நாட்டின் விதி இன்னும் கடுமையானது. எந்தத் தடிமனாக இருந்தாலும் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை.
- துணி போலவே தோன்றும் நான்-ஓவன் பை பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. தமிழ்நாட்டில் அதுவும் தடைப் பட்டியலில் இருக்கிறது.
- 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை உயர் நீதிமன்றம் விதித்த வண்டி வரம்பு: நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000.

வீசிய பை எங்கே போகிறது?

சமவெளியில் வீசப்படும் பைக்கும் மலையில் வீசப்படும் பைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சமவெளியில் அது தெருவோரத்திலோ சாக்கடையிலோ தங்கும். தூய்மைப் பணியாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். மலைச் சாலையில் ஜன்னல் வழியே எறியும் பை, மனிதர் இறங்க முடியாத சரிவில் போய் விழுகிறது. அதை எடுக்க வேண்டுமானால் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மழை பெய்தால் அது ஓடைக்கு வரும். ஊட்டி நகரின் கழிவைச் சுமக்கும் கோடப்பமந்து கால்வாய் ஏரியில்தான் கலக்கிறது. நீலகிரியின் பெரும்பாலான ஓடைகள் மாயாற்றிலும் பவானியிலும் சேர்ந்து, கடைசியில் காவிரிக்குப் போகின்றன. குன்னூருக்கு மேலே வீசிய பை மேட்டுப்பாளையத்து மக்கள் குடிக்கும் ஆற்றுக்கு வருவதற்கு ஒரு பருவமழை போதும். பங்களாதேஷ் 2002-ல் மெல்லிய பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்ததற்கு முக்கியக் காரணம், 1988-லும் 1998-லும் வந்த பெருவெள்ளங்களில் வடிகால்களை அந்தப் பைகள் அடைத்துக்கொண்டதுதான். செங்குத்துச் சரிவும் நிலச்சரிவு அபாயமும் உள்ள மலை நகரத்தில் அடைபட்ட வடிகால், அழகைக் கெடுப்பதோடு நிற்காது. உயிருக்கே ஆபத்தாக முடியும்.

விலங்குகளின் நிலை இதைவிடக் கொடுமை. யானை பிளாஸ்டிக்கைத் தேடிப்போய்த் தின்பதில்லை. பைக்குள் ஒட்டியிருக்கும் உப்பும், மிச்சச் சாப்பாட்டின் வாசனையும் அதை இழுக்கின்றன. பையைப் பிரித்து உள்ளே இருப்பதை மட்டும் எடுக்க அதன் தும்பிக்கைக்கு வழியில்லாதபோது பையோடு விழுங்குகிறது. உத்தராகண்டில் யானைச் சாணத்தை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வு, எடுத்த மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் மனிதர் வீசிய குப்பை இருந்ததையும், அந்தக் குப்பையில் பெரும்பகுதி பிளாஸ்டிக்காக இருந்ததையும் பதிவு செய்தது. நம் பக்கத்தில் அதற்குச் சாட்சி இன்னும் நெருக்கமானது. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் கர்ப்பிணி யானை ஒன்று இறந்தது. உடற்கூறாய்வில் அதன் வயிற்றில் குட்டியும் இருந்தது, குடலில் பிளாஸ்டிக் கழிவும் இருந்தது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-ல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அது. ஊட்டியிலும் குன்னூரிலும் காட்டெருமை தெருவுக்குள் வந்து நிற்பதை இன்று எவரும் பார்க்கலாம். காட்டுக்கும் ஊருக்கும் நடுவே வேலி இல்லாத மலையில், தெருவில் கிடக்கும் பையும் காட்டில் கிடக்கும் பையும் ஒன்றுதான்.

பயணிக்கு ஏன் தனி வழி வேண்டும்?

'ஊர்க்காரர்கள் பழகிக்கொண்டார்கள், சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் என்ன?' என்ற கேள்வி மலை நகரங்களில் அடிக்கடி எழுகிறது. கோபம் நியாயமானது. ஆனால் அதற்கான விடை பயணியின் குணத்தில் இல்லை. அவருடைய சூழ்நிலையில் இருக்கிறது. அயர்லாந்து 2002-ல் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 சென்ட் தீர்வை போட்டது. பைப் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இங்கிலாந்தில் 2015 அக்டோபரில் 5 பென்ஸ் கட்டணம் வந்த பிறகு பெரிய அங்காடிகளிலும் அதேபோன்ற சரிவு. இந்த வெற்றிகளின் அடிப்படை பழக்கம். அதே மனிதர் அதே கடைக்கு வாரந்தோறும் போகிறார். முதல் வாரம் பையை மறந்து காசு கொடுக்கிறார், இரண்டாம் வாரம் முணுமுணுக்கிறார், மூன்றாம் வாரம் கதவருகே பையை மாட்டிவைக்கிறார். நான்காம் வாரம் கை தானாகவே பையைத் தேடுகிறது.

ஊட்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருபவருக்கு நான்காம் வாரம் என்பதே கிடையாது. வீட்டில் கதவுக்குப் பின்னால் தொங்கும் பை அவரோடு வரவில்லை. கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டைக் கட்ட அடுக்களையில் சுருட்டி வைத்திருந்த கேரி பேக்தான் கைக்கு வந்தது. பெங்களூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ வருபவருக்கு இந்த மலையின் விதி என்னவென்று வண்டி பாதி தூரம் வந்த பிறகுதான் தெரிகிறது. அபராதம் அவரைப் பழக்காது; அடுத்த முறை வருவதற்குள் மறந்திருப்பார். அறிவுரைப் பலகையும் பழக்காது. பலகையைப் படிக்கும் நேரத்தில் அவர் வளைவைக் கடந்திருப்பார். ஆக, பயணியிடம் பழக்கத்தை எதிர்பார்க்க முடியாது. சரியான நேரத்தில், சரியான இடத்தில், கைக்கு எட்டும்படி பை இருந்தாக வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. நீலகிரிக் கடைகள் பெரும்பாலும் விதியைக் கடைப்பிடிக்கின்றன. வர்க்கி, சாக்லேட், தேயிலைத் தூள், நீலகிரித் தைலம் வாங்குபவருக்குக் காகிதப் பையோ துணிப்பையோதான் கிடைக்கிறது. பிளாஸ்டிக் பை பெரும்பாலும் கீழேயிருந்து வருகிறது: வீட்டிலிருந்து, நெடுஞ்சாலைக் கடையிலிருந்து, மேட்டுப்பாளையத்துப் பழக்கடையிலிருந்து. அப்படியிருக்க, தாவரவியல் பூங்கா வாசலில் நின்று பை கொடுப்பது காலம் கடந்த செயல். மலர்க் கண்காட்சிக்கு வருபவர் அதற்குள் பத்து வளைவுகளில் பத்துப் பொருளைப் பிரித்திருப்பார். பை கொடுக்க வேண்டிய இடம் அடிவாரம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம், பேருந்து நிலையம், பர்லியாறு, குஞ்சப்பனை, கர்நாடக எல்லையில் கக்கநல்லா, கேரள எல்லையில் நாடுகாணி, பாட்டவயல், சோலாடி, தாளூர் என்று மலைக்கு நுழைவாயில்கள் கணக்காகத்தான் உள்ளன. ருவாண்டாவும் தான்சானியாவும் விமான நிலையத்திலேயே பயணிகளின் பிளாஸ்டிக் பைகளை வாங்கிவைத்துக்கொள்ள முடிவது வாசல்கள் குறைவாக இருப்பதால்தான். அந்த வசதி நமக்கும் இருக்கிறது.

இலவசம் தோற்கும் இடம்

சரியான இடத்தில் கொடுத்தாலும், இலவசமாகக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? பயணி நன்றியோடு வாங்கிக்கொள்வார், இரண்டு நாள் பயன்படுத்துவார், ஊருக்குக் கொண்டுபோவார். அங்கே ஏற்கெனவே கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை இருக்கும். இதுவும் அதில் சேரும். அடுத்த கோடையில் அதே குடும்பம் மலைக்கு வரும்போது அந்தப் பை உடன் வராது. கொடையாளர் மீண்டும் புதிய பை தைக்க வேண்டும். கொஞ்சம் கணக்குப் போட்டால் இதன் சுமை புரியும். ஒரு நாளைக்கு 6,000 வண்டிகள், வண்டிக்கு ஒரே ஒரு பை, ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாள்கள் என்றால் 5 லட்சத்து 46 ஆயிரம் பைகள் தேவை. எந்தக் கொடையாளரும் ஆண்டுதோறும் இதைத் தாங்க முடியாது. தாங்கினாலும் அவ்வளவு புதுத் துணி நெய்வது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் நன்மையும் அல்ல.

பருத்திப் பைக்கும் ஒரு விலை இருக்கிறது. பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும், நூற்க மின்சாரம் வேண்டும், சாயமேற்ற வேதிப்பொருள் வேண்டும். அந்த விலையை ஈடுகட்ட ஒரு பையைப் பல பத்து முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வுகள் சொல்கின்றன. பிளாஸ்டிக் தொழில் தரப்பினர் இந்த எண்களைக் காட்டி 'துணிப்பை பிளாஸ்டிக்கைவிட மோசம்' என்று வாதிடுவதுண்டு. அது சரியல்ல. அந்த ஆய்வுகள் உற்பத்தியின் சுமையை அளக்கின்றனவே தவிர, சரிவில் கிடக்கும் பையையும் யானையின் குடலில் இருக்கும் பையையும் அளக்கவில்லை. ஆனாலும் அவை சொல்லும் ஒரு பாடத்தை நாம் ஒதுக்கிவிடக் கூடாது: ஒருமுறை பயன்படும் துணிப்பை வீண்.

பலமுறை பயன்படும் என்று சொல்லிக் கொடுத்த பையே ஒருமுறைப் பையாக மாறிய கதை வெளிநாட்டில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் மெல்லிய பைகளுக்குக் கட்டணம் வந்ததும் அங்காடிகள் 'வாழ்நாள் பை' என்று தடித்த பைகளை விற்றன. 2019-ல் கிரீன்பீஸ் அமைப்பும் சுற்றுச்சூழல் புலனாய்வு நிறுவனமும் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரே ஆண்டில் 150 கோடி 'வாழ்நாள் பைகள்' விற்றிருந்தன. வீட்டுக்கு 54. கலிபோர்னியாவும் மெல்லிய பையைத் தடை செய்துவிட்டுத் தடித்த பிளாஸ்டிக் பையைக் காசுக்கு விற்க அனுமதித்தது. மக்கள் அதையும் ஒருமுறை பயன்படுத்தி எறிந்தார்கள். அந்த ஓட்டையை அடைக்க 2024-ல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. பொருள் எவ்வளவு உறுதியானது என்பதைப் பார்த்து மக்கள் அதைத் திரும்பப் பயன்படுத்துவதில்லை. திரும்பப் பயன்படுத்தக் காரணம் ஒன்று இருந்தால்தான் பயன்படுத்துகிறார்கள்.

பெட்டிச் செய்தி 2: ஒரு துணிப்பை எத்தனை முறை?

- பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை (2011): ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதல் பாதிப்பு குறைய, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும்.
- டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை (2018): காலநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தால் 52 முறை. தண்ணீர், ஓசோன் படலம் முதலிய எல்லாவற்றையும் சேர்த்தால் 7,100 முறை.
- இரண்டு கணக்குகளும் புதிதாகத் தயாரிக்கும் பைக்கானவை. வீட்டில் ஏற்கெனவே சும்மா கிடக்கும் பையை எடுத்துப் பயன்படுத்தினால் புதுப் பருத்தியின் சுமை ஏதுமில்லை.

பத்து ரூபாய் கற்றுத்தந்த பாடம்

திரும்பி வருவதற்கான காரணத்தை எப்படி உண்டாக்குவது? விடை நீலகிரியிலேயே இருக்கிறது. காட்டிலும் புல்வெளியிலும் காலி மதுப் புட்டிகள் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில், உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலின் பேரில் 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தந்துவிடுவார்கள். பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. நீலகிரியில் கிடைத்த பலனைப் பார்த்துத்தான் திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. அதே மலை, அதே பயணிகள். யாருக்கும் புதிதாகச் சுற்றுச்சூழல் உணர்வு ஊட்டப்படவில்லை. பத்து ரூபாய் மட்டும் நடுவில் வந்தது. குடித்துவிட்டுப் பாட்டிலை எறிபவரையே திருப்பிக் கொண்டுவர வைத்த முறை, குடும்பத்தோடு வருபவரைப் பையைத் திருப்பிக் கொடுக்க வைக்காதா?

பைக்கான முன்பணம் 10 ரூபாயாக இருந்தால் போதாது. காலிப் பாட்டில் வாங்கியவருக்குப் பயன்படாது, பை பயன்படும். மஞ்சப்பை இயந்திரத்தில் பையின் விலையே 10 ரூபாய். ஆகவே முன்பணம் 30 ரூபாய் அளவில் இருக்கலாம். பிடித்துப்போய் வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் எடுத்துச் செல்லட்டும். அவர் விட்டுச்சென்ற பணத்தில் வேறு பை தைக்கலாம், துவைக்கும் பெண்களுக்குக் கூலி கொடுக்கலாம். ஒரு பை சராசரியாக மூன்று நாள் பயணியிடம் இருக்கும் என்று வைத்தால், எந்த நேரத்திலும் வெளியே இருக்கும் பைகள் 18,000-தான். துவைப்பதற்கும் கிழிந்ததை மாற்றுவதற்கும் வார இறுதிக் கூட்டத்துக்கும் சேர்த்துத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 50,000 பைகளில் ஒரு சீசன் நடந்துவிடும். ஐந்தரை லட்சம் எங்கே, ஐம்பதாயிரம் எங்கே!

இந்த 50,000 பைகளையும் புதிதாகத் தைக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் பைக்குப் பஞ்சமே கிடையாது. மணமக்கள் பெயரும் முகூர்த்த நாளும் அச்சடித்த மஞ்சள் பை, தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுத்த பை, ஜவுளிக்கடைப் பை என்று ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஒரு சேமிப்பு இருக்கிறது. பள்ளிகளும் குடியிருப்போர் சங்கங்களும் கல்யாண மண்டபங்களும் சேகரித்தால் ஒரு மாவட்டத்திலேயே இந்த எண்ணிக்கை சேர்ந்துவிடும். நான்-ஓவன் பைகளைப் பொறுக்கி விலக்க வேண்டும். கிழித்துப் பார்த்தால் நூல் தெரியாமல் காகிதம் போலப் பிரிவது நான்-ஓவன். ஊட்டி, குன்னூர் விடுதிகளில் கழித்துக்கட்டும் படுக்கை விரிப்புகளும் உறுதியான பைத்துணிதான். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் பர்லீ ஹெட்ஸ் என்ற கடற்கரை ஊரில் 2013-ல் தொடங்கிய 'பூமராங் பேக்ஸ்' இயக்கம், மக்கள் தரும் பழைய துணியில் தன்னார்வலர்கள் தைத்த பைகளைக் கடைகளில் இரவலாக வைத்தது. 2025 பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவுக்காக 'ஒரு தட்டு, ஒரு பை' என்ற பெயரில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய துணிப்பைகள் மட்டும் 13 லட்சத்துக்கு மேல் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். கொடுக்க மக்கள் தயார். வாங்கிச் சுழல வைக்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

பெட்டிச் செய்தி 3: இரவல் பை எப்படி நடக்கும்?

- இ-பாஸ் பதியும்போதே பை வேண்டுமா என்று கேட்டு, முன்பணத்தைச் செலுத்த வழி செய்யலாம். சாவடியில் சில்லறைத் தகராறு இருக்காது.
- எந்த வாசலில் வாங்கினாலும் எந்த வாசலிலும் திருப்பிக் கொடுக்கலாம். மேட்டுப்பாளையம் வழியாக ஏறி மைசூர் வழியாக இறங்குபவர்கள் ஏராளம்.
- விடுதி, பேருந்து நிலையம், ரயில் நிலையம், பூங்கா வாசல் ஆகியவற்றிலும் திருப்பிக் கொடுக்கும் பெட்டி வேண்டும்.
- துவைத்தல், தைத்தல், எண்ணுதல் ஆகியவை மகளிர் சுய உதவிக் குழுக்களிடம், கூலியோடு.
- வளைவுகளில் வாந்தி எடுப்பவர்களுக்கு, விமானத்தில் தருவது போன்ற கெட்டிக் காகித உறை. இந்தத் தேவைக்குத் துணிப்பை உதவாது.

கேட்கப்படும் கேள்விகள்

'தானமாக வந்த பைக்கு முன்பணம் வாங்குவது முறையா?' என்று கொடையாளர்களே தயங்கலாம். முன்பணம் விலையாகாது, முழுதாகத் திரும்பக் கிடைக்கும் தொகை அது. பயணிக்கு ஒரு பைசா செலவில்லை. கொடையாளரின் பை ஒரு குடும்பத்தின் பரணில் முடங்குவதைவிடப் பல குடும்பங்களுக்கு உழைப்பதுதான் அவருடைய கொடைக்குச் செய்யும் மரியாதை. 30 ரூபாயும் சிரமம் என்பவர்கள் அரசுப் பேருந்தில் வருபவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு கொடுக்கலாம்.

'சோதனையைக் கடுமையாக்கினால் போதாதா?' என்பது இரண்டாவது கேள்வி. 6,000 வண்டிகளுக்கு ஒரு நிமிடம் வீதம் ஒதுக்கினாலே 100 மணி நேரம் ஆகிறது. பல சாவடிகளுக்குப் பிரித்தாலும், ஒரு நிமிடத்தில் குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளை முழுதாகப் பார்க்க முடியாது. சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றுப் பை கிடைக்கும் என்று தெரிந்தால் பயணி தானாகவே பிளாஸ்டிக் பையை எடுத்துக் கொடுப்பார். அப்போது சோதனையும் விரைவாக முடியும். தடையும் பையும் சேர்ந்து நடந்தால்தான் இரண்டுக்கும் பலம்.

மூன்றாவது கேள்வி கனமானது. 'மலையில் கிடக்கும் குப்பையில் பை ஒரு பகுதிதான். சிப்ஸ் பாக்கெட்டும் பிஸ்கட் உறையும் தண்ணீர் பாட்டிலும் தயாரிக்கும் நிறுவனங்களை விட்டுவிட்டு, பயணியின் கையில் பையைத் திணிப்பது பிரச்சினையைத் திசைதிருப்புவதாகாதா?' இந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. உறைகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது என்று 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. அந்தப் பொறுப்பிலிருந்து யாரையும் தப்பவிடக் கூடாது. நீலகிரியில் வைத்த குடிநீர் ஏ.டி.எம்.கள் சீசன் முழுக்க ஓட வேண்டும். அவை பழுதாகி நின்றால் பாட்டில் தடைக்கே நியாயம் இல்லாமல் போய்விடும். ஆனால் இரவல் பைக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலி உறைகளை வண்டியில் போட்டுவைக்க இடம் இல்லாததால்தான் பலர் ஜன்னல் வழியே எறிகிறார்கள். பை ஒன்று காலடியில் இருந்தால் குப்பை அதற்குள் போகும். இறங்கும் வாசலில் பையைத் திருப்பிக் கொடுக்கும்போது குப்பையும் சேர்ந்து தொட்டிக்கு வரும். முன்பணத்துக்காகத் திரும்பி வரும் பை, முன்பணம் இல்லாத குப்பையையும் சுமந்து வருகிறது.

'சுகாதாரம்?' என்று கேட்பவர்களுக்கு: துவைத்து வெயிலில் காயவைத்த துணியில் பழமும் காய்கறியும் வாங்குவது நமக்குப் புதிதல்ல. சமைத்த உணவை நேராக இதில் வைக்கப் போவதும் இல்லை. 'துணிப்பை விற்றுப் பிழைக்கும் மகளிர் குழுக்களின் வருமானம் போகுமே' என்பவர்களின் அக்கறை முக்கியமானது. விற்பனை கொஞ்சம் குறையலாம். அதற்கு ஈடாகத் துவைக்கும் வேலையும் தைக்கும் வேலையும் ஆண்டு முழுவதும் அவர்களுக்கே வர வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். டாஸ்மாக் பாட்டில் திட்டத்தில் இடமும் ஆளும் இல்லாமல் வேலைச்சுமை கூடியதாக ஊழியர்கள் போராடினார்கள். அந்தத் தவறு இதில் நடக்கக் கூடாது. சாவடி ஊழியரின் தலையில் இதையும் கட்டிவிட்டால் ஒரு மாதத்தில் திட்டம் படுத்துவிடும். தனி ஆள், தனி மேசை, தனிக் கூலி வேண்டும்.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. நிறுவனங்கள் பை கொடுக்கும்போது தங்கள் பெயரைப் போடுவது இயல்பு. பெயர் இருக்கட்டும். ஆனால் விளம்பரச் செலவுக்காகச் சீக்கிரம் கிழியும் மலிவுப் பையையோ நான்-ஓவன் பையையோ கொண்டுவந்து கொட்டினால் வாங்க மறுக்கும் துணிவு மாவட்ட நிர்வாகத்துக்கு வேண்டும். தைக்கும் கூலியையும் துவைக்கும் கூலியையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், ஆயிரம் புதுப் பை கொடுக்கும் நிறுவனத்தைவிட மலைக்குப் பெரிய உதவி செய்கிறது.

இனி எண்ண வேண்டியது

கோடை விழா முடிந்ததும் அதிகாரிகளும் அமைப்புகளும் ஒரு கணக்குச் சொல்வது வழக்கம்: இத்தனை ஆயிரம் துணிப்பைகள் வழங்கப்பட்டன, இத்தனை கிலோ பிளாஸ்டிக் பறிமுதல் செய்யப்பட்டது. இரண்டுமே உழைப்பைக் காட்டும் எண்கள், பலனைக் காட்டுபவை அல்ல. பறிமுதல் கூடினால் பிளாஸ்டிக் கூடுதலாக வந்தது என்றும் பொருள் கொள்ளலாம். வழங்கிய பை கூடினால் பழைய பை திரும்பி வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். இனி வேறு மூன்று கேள்விகளுக்கு விடை கேட்போம். வெளியே போன பைகளில் நூற்றுக்கு எத்தனை திரும்பின? ஒரு பை சீசனில் எத்தனை முறை சுழன்றது? பர்லியாறு முதல் குன்னூர் வரையிலான சரிவில் சென்ற ஆண்டைவிடக் குப்பை குறைந்ததா?

இதைச் செய்யப் புதிய சட்டம் தேவையில்லை. இ-பாஸ் இருக்கிறது, சாவடிகள் இருக்கின்றன, பாட்டில் திட்டத்தின் அனுபவம் இருக்கிறது, மகளிர் குழுக்கள் இருக்கின்றன, வீட்டுப் பரண்களில் பைகள் இருக்கின்றன. அடுத்த சீசனுக்கு முன் ஒரே ஒரு வாசலில், பர்லியாறிலோ குஞ்சப்பனையிலோ, மூன்று மாதம் நடத்திப் பார்த்துத் திரும்பிய பைகளின் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும். கணக்கு நன்றாக இருந்தால் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் வால்பாறைக்கும் கொண்டுபோகலாம். சரியாக வராவிட்டால் எங்கே சறுக்கியது என்று திருத்தலாம். பை கொடுக்க விரும்புபவர்கள் இந்த ஆண்டு ஒன்று செய்யுங்கள்: எத்தனை பை வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், திரும்ப வாங்குவது யார் என்று கேளுங்கள்.